பாட்டு ஓடட்டுமா, நிறுத்தலாமா?

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் வட்டாரத்தில் பாட்டு ஓடாத பனியன் கம்பெனியைப் பார்ப்பது அரிது. ஓவர்லாக்கும் பேட்லாக்கும் விடாமல் இரைந்துகொண்டிருக்க, அந்த இரைச்சலையும் தாண்டி ஸ்பீக்கரில் பழைய படப் பாட்டு காலையில் தொடங்கினால் ஷிப்ட் முடியும்வரை நிற்பதில்லை. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்களைக் கேட்டால், "பாட்டு இருந்தாத்தானுங்க கை ஓடும்" என்பார்கள். இரவு வீடு திரும்பியதும் அதே அம்மாக்கள் பிள்ளையின் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கி, "பாட்டைக் கேட்டுட்டுப் படிச்சா எப்படி மண்டையில ஏறும்?" என்று திட்டுவார்கள்.

என் வகுப்பில் ஒன்பதாவது படித்த ஒரு பெண் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். அவளுடைய அம்மா பேட்லாக் டெய்லர். "ஏனுங்க டீச்சர், அம்மாவுக்கு நல்லது பண்ற பாட்டு எனக்கு மட்டும் எப்படிங்க கெட்டது பண்ணும்?" என்று கேட்டாள். அவள் குரலில் வாதம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள்.

அந்த ஆண்டு தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. 1993 முதல் நாடு முழுவதும் நடக்கும் இந்த மாநாட்டைத் தமிழகத்தில் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். பத்து முதல் பதினேழு வயதுவரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊரிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்து, தாங்களே தகவல் திரட்டி, தாங்களே முடிவு சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. எங்கள் பக்கத்தில் சாயக்கழிவு, நொய்யல் ஆறு, நிலத்தடி நீர் என்று ஆய்வுகள் வரும். மனசையும் அளந்து பார்க்கலாம் என்பது பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்தது. உளவியல் அவர்களுக்குப் பாடமும் இல்லை.

நம் நாட்டில் அது புதிதில்லை என்று காட்ட எம்.வி.கோபாலசாமியைப் பற்றிச் சொன்னேன். மைசூர் மகாராஜா கல்லூரியில் 1924இல் உளவியல் துறையைத் தொடங்கியவர் அவர். 1935இல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் அமைத்து ஆகாசவாணி என்ற பெயரில் நடத்தியவரும் அவரே. பின்னாளில் அகில இந்திய வானொலிக்கே அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. மனசை ஆராய்ந்தவரே வீட்டுக்கு வீடு பாட்டையும் கொண்டுபோனார் என்றதும் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது.

"பாட்டுக் கேட்டால் ஞாபகம் கூடுமா, குறையுமா?" என்றுதான் முதலில் நோட்டில் எழுதினார்கள். அந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது. எந்தப் பாட்டு? எவ்வளவு சத்தம்? படிக்கும்போதா, எழுதும்போதா? திருக்குறளை மனப்பாடம் செய்வதா, கணக்குப் போடுவதா? ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக் கரும்பலகையில் எழுதினோம். பலகை நிறைந்தது. இத்தனையையும் ஒரே சோதனையில் கேட்க முடியாது, ஒன்றை மாற்றி மற்றதையெல்லாம் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களே சொல்லும்வரை காத்திருந்தேன். எதை மாற்றுகிறோமோ அது சாரா மாறி, எதை அளக்கிறோமோ அது சார்ந்த மாறி என்ற பாடநூல் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அளப்பதற்கு வார்த்தைப் பட்டியல் போதும் என்று முடிவாயிற்று. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் காட்டிய வழி அது. பொருளே இல்லாத அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, அவற்றைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறோம் என்று தன்னையே அளந்து, 1885இல் புத்தகமாக வெளியிட்டார். ஞாபகத்தையும் எண்ணிக்கையில் சொல்லலாம் என்று அந்த ஒற்றை மனிதர் காட்டினார்.

பட்டியலைத் தயாரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டேன். நூல், ஊசி, காலர், பட்டன், பண்டல், பீஸ், கத்திரி என்று வந்தன. படித்துப் பார்த்த ஒரு பையனே நிறுத்தினான். "டீச்சர், ஒண்ணு ஞாபகம் வந்தா அதுவே மத்ததை இழுத்துட்டு வருதுங்க" என்றான். உண்மை. பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைக்கு அந்த வார்த்தைகள் ஒரே கொத்து. அம்மா அப்பா தோட்ட வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அப்படி இருக்காது. எனவே ஒன்றுக்கொன்று உறவில்லாத, எல்லார் வீட்டிலும் புழங்கும் வார்த்தைகளாகத் தேடினோம். இருபது வார்த்தைகள் கொண்ட மூன்று பட்டியல்கள். மூன்றிலும் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் சம அளவில். ஒரு பட்டியல் சுலபமாகவும் இன்னொன்று கடினமாகவும் போய்விட்டால் பழி பாட்டின் தலையில் விழும் என்பதால், எந்தப் பட்டியலும் ஒரே நிலைக்கென்று நிலைத்துவிடாமல் குழுவுக்குக் குழு மாற்றிக் கொடுக்கத் திட்டமிட்டோம்.

பட்டியலை உரக்க வாசிப்பதா, எழுதிக் காட்டுவதா? வாசிப்பது எளிது. ஆனால் பாட்டு ஓடும்போது வாசித்தால் வார்த்தை காதிலேயே விழாமல் போகலாம். அப்போது நாம் அளப்பது ஞாபகத்தையா, கேட்கும் திறனையா என்று சொல்ல முடியாது. அதனால் சார்ட் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, ஓர் அட்டைக்கு இரண்டு நொடி என்று காட்டினோம். பின்பெஞ்சுக்கும் எழுத்து தெரிகிறதா என்று ஒருவர் போய் உட்கார்ந்து பார்த்தார். சிறிய ஏற்பாடுதான். ஆனால் தவறான விடைக்குப் போகும் ஒரு பெரிய வழியை அது அடைத்துவிட்டது. சோதனையை வடிவமைப்பது என்றால் பெரும்பாலும் இதுதான். நம் விடைக்கு வேறு எது காரணமாக இருக்கலாம் என்று முன்கூட்டியே யோசித்து, அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வர வேண்டும்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் எங்களுக்கு அதிக நேரம் போனது. வார்த்தையுள்ள பாட்டு ஒன்று, வெறும் வாத்திய இசை ஒன்று, பாட்டே இல்லாத நிலை ஒன்று என்று மூன்று நிலைகள் வேண்டும். குத்துப்பாட்டையும் வீணை இசையையும் எடுத்துக்கொண்டால் வேகம், தாளம், வாத்தியம் எல்லாமே மாறிவிடும். வித்தியாசம் குரலால் வந்ததா, தாளத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அப்போதுதான் கேள்வியைத் தொடங்கிவைத்த பெண் கரோக்கியை நினைவுபடுத்தினாள். ஒரே பாட்டு, ஒரே மெட்டு, ஒரே வேகம். ஒன்றில் குரல் உண்டு, இன்னொன்றில் இல்லை. ஆராய்ச்சிக் கூடங்களில் மெனக்கெட்டுச் செய்யும் ஏற்பாட்டை அவள் கோயில் விழா மேடையில் பார்த்த கரோக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எல்லாரும் முணுமுணுக்கும் புதுப்பாட்டு வேண்டாம் என்று, அதிகம் ஓடாத ஒரு படத்தின் பாட்டை எடுத்தோம். ஸ்பீக்கரை ஒரே மேசையில் வைத்தோம். சத்தத்தைக் கைபேசிச் செயலி ஒன்றால் அளந்து, இரண்டுக்கும் ஒரே அளவில் நிறுத்தினோம்.

பெருமாநல்லூரில் முழு அமைதி கிடைக்காது. பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடுகிறது, பைபாஸில் லாரி போகிறது. பாட்டு இல்லாத நிலையிலும் அந்தச் சத்தம் இருந்தது. அதை ஒளிக்கவில்லை, அறிக்கையில் அப்படியே எழுதினோம். ஒரே சீராக வரும் சத்தம் ஞாபகத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை, மாறி மாறி வரும் சத்தம்தான் தடுக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைக் கேட்டதும் ஆச்சரியம் வரவில்லை. "அது பாட்டுக்கு ஓடுமுங்க" என்றார்கள்.

அடுத்தது ஆட்கள். வகுப்பை மூன்றாகப் பிரித்து ஒரு குழுவுக்குப் பாட்டு, ஒரு குழுவுக்கு இசை, ஒரு குழுவுக்கு ஒன்றுமில்லை என்று செய்யலாமே என்றார்கள். நன்றாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் ஒரே குழுவில் விழுந்துவிட்டால்? இந்த இடத்தில் ஒரு மாணவனின் அப்பா கை கொடுத்தார். அவர் கட்டிங் மாஸ்டர். பிள்ளையை அழைத்துப்போக வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டு, "ஒரு பனியனுக்கு முன்னாடி ஒரு லாட்டு, பின்னாடி ஒரு லாட்டுன்னு வெட்டுனா ஷேடு அடிச்சுருமுங்க. ஒரே லாட்டுல வெட்டோணும்" என்றார். ஒவ்வொரு சாய லாட்டும் கொஞ்சம் கொஞ்சம் நிறம் மாறும் என்பது திருப்பூரில் குழந்தைக்கும் தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு லாட் துணி. எனவே மூன்று நிலைகளிலும் அதே பிள்ளையையே உட்கார வைத்து, அவரை அவரோடு மட்டும் ஒப்பிடுவது என்று தீர்மானித்தோம்.

அந்த முடிவு இன்னொரு நன்மையும் செய்தது. எங்கள் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். தமிழ் சரளமாகப் பேசுவாள், வாசிப்பதில் கொஞ்சம் மெதுவு. "என்னையும் சேர்த்துக்குவீங்களா டீச்சர்?" என்று தயங்கிக் கேட்டாள். அவள் எண்ணிக்கை குறைவாக வந்தால் சோதனை கெட்டுவிடும் என்று பயந்திருக்கிறாள். அவளை மற்றவர்களோடு யாரும் ஒப்பிடப்போவதில்லை, அவள் அவளோடுதான் ஒப்பிடப்படுவாள் என்றதும் முகம் தெளிந்தது. நேர்மையான வடிவமைப்பில் எல்லாருக்கும் இடம் கிடைக்கும் என்று அன்று அந்த வகுப்பறையில் நான் கண்ணால் கண்டேன்.

ஒரே பிள்ளை மூன்று முறை உட்காரும்போது வேறொரு சிக்கல் வரும். முதல் முறை பழக்கம் இல்லை, மூன்றாம் முறை சலிப்பு. பாட்டை எப்போதும் கடைசியில் வைத்தால் சலிப்பும் பாட்டின் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் ஒரு குழுவுக்கு அமைதி, இசை, பாட்டு. அடுத்ததற்கு இசை, பாட்டு, அமைதி. மூன்றாவதற்குப் பாட்டு, அமைதி, இசை என்று சுழற்றினோம். இலத்தீன் சதுரம் என்ற இந்த முறையை இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் பண்ணையில் பயிர்ச் சோதனைகளுக்குப் பரவலாக்கியவர் ஆர்.ஏ.ஃபிஷர். வயலின் ஒரு மூலை வளமாகவும் இன்னொரு மூலை வறண்டும் இருக்கும்போது உரத்தை நியாயமாகச் சோதிப்பது எப்படி என்பது அவருடைய கவலை. தோட்டத்துத் தாத்தாவோடு வளர்ந்த பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

கடைசியாகக் காட்டிய சில வார்த்தைகள் வாயிலேயே நின்றுகொண்டிருக்கும். உடனே எழுதச் சொன்னால் அவை நல்ல ஞாபகம்போலத் தோன்றும். இடையில் முப்பது நொடி வேறு வேலை கொடுத்தால் அந்தக் கடைசி வார்த்தைகளின் அனுகூலம் கரைந்துவிடும் என்று 1966இல் கிளான்சர், குனிட்ஸ் என்ற இருவர் காட்டினார்கள். நாங்களும் அட்டைகள் முடிந்ததும் ஓர் எண்ணைச் சொல்லி, அதிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எழுதச் சொன்னோம். பிறகுதான் வார்த்தைகள்.

எழுதும்போது பாட்டு ஓடலாமா? இதில் நல்ல வாதம் நடந்தது. கற்ற சூழலிலேயே கேட்டால் ஞாபகம் நன்றாக வரும் என்பதற்கு 1975இல் காடன், பேட்லி இருவரும் ஸ்காட்லாந்தில் முக்குளிப்போரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தண்ணீருக்குள் கற்ற வார்த்தைகள் தண்ணீருக்குள்ளும், கரையில் கற்றவை கரையிலும் அதிகம் நினைவுக்கு வந்தன. 1985இல் ஸ்டீவன் ஸ்மித் பின்னணி இசையே அப்படியொரு சூழலாகுமா என்று ஆராய்ந்தார். ஆகவே பாட்டோடு படித்துப் பாட்டில்லாமல் எழுதினால், குறைவது பாட்டாலா, சூழல் மாறியதாலா என்ற சந்தேகம் மிச்சமிருக்கும். பிள்ளைகள் யோசித்து முடிவெடுத்தார்கள்: "பரீட்சை ஹால்ல பாட்டு போடமாட்டாங்க. அதனால எழுதறப்ப பாட்டு வேண்டாம்." எங்கள் கேள்வி படிக்கும் பிள்ளையைப் பற்றியது. அதற்கு இதுவே பொருத்தம். மிச்சமிருந்த சந்தேகத்தையும் அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதிவைத்தோம்.

இது பரீட்சை இல்லை, வேண்டாம் என்றால் எழுந்து போகலாம் என்று எல்லாருக்கும் முன்பே சொன்னோம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினோம். தாளில் பெயருக்குப் பதில் எண். யார் எத்தனை வார்த்தை எழுதினார் என்று எந்த இடத்திலும் சொல்லக்கூடாது. திருத்துபவருக்கு அது எந்த நிலையில் எழுதிய தாள் என்று தெரியக்கூடாது. எழுத்துப்பிழைக்கு வார்த்தையைக் கழிக்க வேண்டாம் என்பதையும் தாள் கைக்கு வருமுன்பே எழுதிவைத்தோம். எந்த விடையை எதிர்பார்க்கிறோம் என்று ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டினார்கள். பாட்டு உதவும் என்று எழுதியவர்களும் இருந்தார்கள், கெடுக்கும் என்று எழுதியவர்களும் இருந்தார்கள்.

திருத்தி முடித்தபோது தெரிந்தது இதுதான். குரல் உள்ள பாட்டு ஓடியபோது பெரும்பாலானவர்கள் தங்கள் அமைதி நிலையைவிடக் குறைவான வார்த்தைகள் எழுதியிருந்தார்கள். வெறும் இசைக்கும் பாட்டில்லாத நிலைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை இருந்த வேறுபாடு, நிலைக்கு நிலை இருந்த வேறுபாட்டைவிடப் பெரியது. சிலருக்குப் பாட்டால் எந்தக் குறையும் இல்லை. ஒரு வகுப்பை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை அவர்கள் அந்தத் தாள்களைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

பிறகுதான் மற்றவர்கள் கண்டதைச் சொன்னேன். முன்பே சொல்லியிருந்தால் விடையைத் தேடாமல் என்னையே பார்த்திருப்பார்கள். 1989இல் சலாமே, பேட்லி இருவரும் வெறும் வாத்திய இசையைவிடக் குரலோடு வரும் பாட்டு குறுகிய கால ஞாபகத்தை அதிகம் தடுப்பதைக் கண்டார்கள். ஒரு வார்த்தையை மனதில் நிறுத்த நாம் உள்ளுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். காதில் விழும் பேச்சு அந்த உள்குரலுக்கு இடைஞ்சல் செய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பிடித்த பாட்டு என்றால் சரியாகிவிடுமா என்று பெர்ஹாம், விசார்ட் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார்கள். பிடித்ததும் பிடிக்காததும் அமைதியைவிட மோசமாகவே இருந்தன. அவர்கள் அளந்தது வரிசை மாறாமல் சொல்வதை. எங்கள் பிள்ளைகள் எழுதியது வரிசை பார்க்காமல். இரண்டும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

ஒடியாப் பெண்ணுக்கு அங்கேயே அடுத்த கேள்வி வந்துவிட்டது. "அர்த்தம் தெரியாத பாட்டுன்னா தடுக்காதுல்ல டீச்சர்?" அவள் கொண்டுவந்த ஒடியாப் பாட்டை வைத்து இன்னொரு நாள் விருப்பமுள்ளவர்கள் மட்டும் செய்து பார்த்தார்கள். புரியாத மொழியும் பலரைத் தடுக்கத்தான் செய்தது. ஜெர்மன் தெரியாதவர்களையும் ஜெர்மன் பேச்சு தடுக்கிறது என்று கோல், வெல்ஷ் 1976இலேயே எழுதியிருந்தார்கள். அவள் மொழியை வகுப்புத் தோழர்கள் உட்கார்ந்து கேட்டது அன்றுதான்.

அவதானம் பற்றியும் பேச்சு வந்தது. 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றி ஒரு மாணவன் படித்திருந்தான். மணியோசையை எண்ணிக்கொண்டே, முதுகில் விழும் கல்லையும் எண்ணிக்கொண்டே, கேட்ட செய்யுளுக்குப் பதில் சொல்வது அந்தக் கலை. இடைஞ்சலையே தேர்வாக வைத்த மரபு நம்முடையது. இவ்வளவு கவனம் பயிற்சியால் வருமென்றால், எங்கள் சோதனை பயிற்சி இல்லாத சாதாரண நாளைப் பற்றியது என்று அவனே எல்லை வகுத்தான்.

கேள்வியைத் தொடங்கிவைத்த பெண்ணின் அம்மா முடிவைக் கேட்க ஒருநாள் வந்தார். "அப்ப நாங்க பாட்டுக் கேக்கறது தப்பா கண்ணு?" என்றார். மகள் சொன்னாள்: "இல்லம்மா. நீ தைக்கறது கையுக்குப் பழகுன வேலை. நான் படிக்கறது வார்த்தை. பாட்டுலயும் வார்த்தை இருக்குது." நான் சேர்க்க எதுவும் இல்லை. வயட், லாங்டன் முதலானோர் 1937இல் பிரிட்டனின் ஆலைகளில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களை ஆராய்ந்து, இசை சலிப்பைக் குறைப்பதை எழுதினார்கள். போர்க்காலத்தில் 1940இல் பிபிசி ஆலைத் தொழிலாளர்களுக்கென்றே தினமும் இசை ஒலிபரப்பத் தொடங்கியது. அம்மா சொன்னதும் சரி, அம்மா திட்டியதும் சரி. இரண்டும் இரண்டு வேலைகளைப் பற்றியவை.

அளந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு. 1993இல் 36 கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிடம் மொசார்ட் இசை போட்டுச் செய்த ஒரு சோதனை நேச்சர் இதழில் வந்தது. இடவடிவக் கணக்குகளில் சிறிது நேரமே நீடித்த ஒரு முன்னேற்றம். அதை வைத்து, பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் நிதி கேட்டார். 1999இல் மற்றவர்கள் திரும்பச் செய்தபோது அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. சோதனையில் குழந்தைகளே இல்லை. ஆனாலும் குழந்தையின் மூளை வளரும் என்று சொல்லி விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யாராவது எதையாவது உறுதியாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இதைக் குடித்தால் ஞாபகம் வரும், இந்த வகுப்பில் சேர்ந்தால் மூளை வேலை செய்யும், உனக்கெல்லாம் படிப்பு ஏறாது. அந்தப் பேச்சுக்கு எதிரே நின்று, "அதை எப்படி அளந்தீங்க?" என்று கேட்கத் தெரிந்துவிட்டால் ஒரு பிள்ளைக்கு அது வாழ்நாள் பாதுகாப்பு. அந்தக் கேள்வி அம்மாவையும் ஆசிரியரையும் பேராசிரியரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. கேட்பவர் ஒன்பதாம் வகுப்பு மாணவியாக இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்குச் செலவு சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் ஒரு ஸ்பீக்கரும்தான். எந்த அரசுப் பள்ளியிலும் செய்யலாம். செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். முடிவுக்கு அவசரப்படாதீர்கள். கரும்பலகை முன்னால் நின்று, வேறு எதுவெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும் அந்த நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் கற்றதில் பெரும்பகுதி, முதல் அட்டையைத் தூக்கிக் காட்டுவதற்கு முன்பே முடிந்திருந்தது.